எய்ம் ஒன்று, ப்ரொசீஜர் வேறு

லேப் ரெக்கார்டில் முதலில் என்ன எழுதுவோம்? எய்ம். சீனியர் நோட்டைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சுட்டு நேரா ப்ரொசீஜருக்குப் போயிடுவோம். எய்முக்கும் செய்ததுக்கும் சம்பந்தம் இருக்கான்னு வைவாவில்கூட யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதுவும் இரண்டு முறை.

அவர்களுடைய அரசியல் சாசனத்தில் எய்மோடு தொடங்கும் வாக்கியங்கள் குறைவு. பேச்சுரிமை ஏன் என்று அது விளக்குவதில்லை. ஆனால் 1791-ல் வந்த இரண்டாவது திருத்தம் விளக்குகிறது: ஒழுங்கான குடிப்படை நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை, ஆகவே மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையில் கைவைக்கக் கூடாது. காப்பிரைட், பேட்டன்ட் பற்றிய ஷரத்தும் அப்படித்தான்: அறிவும் பயனுள்ள கலைகளும் வளர்வதற்காக, படைத்தவர்களுக்கு 'வரையறுத்த காலத்துக்கு' தனியுரிமை தரலாம்.

துப்பாக்கி கதை சுருக்கமாக. வாஷிங்டனில் டிக் ஹெல்லர் என்ற சிறப்புக் காவலருக்கு டியூட்டியில் துப்பாக்கி உண்டு, வீட்டில் கைத்துப்பாக்கி வைக்க அனுமதி இல்லை. வழக்குப் போட்டார். 2008-ல் 5-4 என்று ஜெயித்தார். குடிப்படை பற்றிய முன்பகுதி நோக்கத்தைச் சொல்கிறது, உரிமையைச் சுருக்கவில்லை என்றார் நீதிபதி ஸ்கலியா. அப்படின்னா அந்தப் பகுதியை எதுக்கு எழுதினாங்க என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம்.

காப்பிரைட் கதைதான் சுவாரசியம். 1790 சட்டத்தில் உரிமை 14 வருஷம், ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. நீண்டு நீண்டு 1998-ல் ஆசிரியர் இறந்து 70 வருஷம் வரை, கம்பெனிப் படைப்புகளுக்கு 95 வருஷம் என்று ஆனது. ஏற்கெனவே வெளியான பழைய படைப்புகளுக்கும் சேர்த்து! மிக்கி மவுஸ் வந்த 1928 படம் 'ஸ்டீம்போட் வில்லி' 2004-ல் பொதுச்சொத்தாகி இருக்க வேண்டியது, 2024 ஜனவரி 1 வரை காத்திருந்தது.

பழைய புத்தகங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டுவந்த எரிக் எல்ட்ரெட் இதை எதிர்த்தார். புதுப் படைப்பு வரட்டும்னுதானே இந்த உரிமை? செத்துப்போனவருக்கு 20 வருஷம் கூடக் கொடுத்தா அவர் எழுந்து வந்து இன்னொரு நாவல் எழுதுவாரா? 2003-ல் 7-2 என்று தோற்றார். எவ்வளவு நீளமானாலும் முடிவு இருக்கிறது, அதனால் அது 'வரையறுத்த காலம்'தான். அறிவை வளர்க்குமா என்பதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று எழுதினார் நீதிபதி கின்ஸ்பர்க்.

இப்போ ஸ்கோர்கார்டைப் பாருங்க. ஸ்டீவன்ஸும் ப்ரேயரும் இரண்டு வழக்கிலும் மாற்றுத் தீர்ப்பு. ஸ்கலியா இரண்டிலும் பெரும்பான்மை. கின்ஸ்பர்க்? துப்பாக்கி வழக்கில் ஸ்டீவன்ஸ் பக்கம் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது: ஒன்று குடிமகனின் உரிமை, மற்றது நாடாளுமன்றத்தின் அதிகாரம், தராசு ஒன்றல்ல. ஆனாலும் எனக்கு ஸ்டீவன்ஸ் சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

'என் ட்யூன், நான் சொல்றதுதான்' என்று ஒரு கலைஞர் கேட்டால் அது நியாயம் இல்லையா? நியாயம்தான். ஃப்ரான்ஸில் படைப்பாளியின் தார்மீக உரிமைக்குக் காலக்கெடுவே கிடையாது. ஆனால் அமெரிக்க ஷரத்து கலைஞரை முதலில் வைக்கவில்லை. அதன் எய்மில் இருப்பது, அந்த ட்யூனைக் கேட்டு அடுத்ததைப் போடப்போகிறவர்.