பன்றி வளர்ப்பில் மருந்தைக் குறைத்தல்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய கொழும்புப் பகுதிகளின் உணவுச்சாலைகளில் நாள்தோறும் சோறும் கறியும் மிஞ்சுகின்றன. நகரத்து மிச்ச உணவு சுற்றுப்புறப் பன்றிப் பண்ணைகளுக்குத் தீனியாகச் செல்வது நெடுநாள் வழக்கம். அங்கு வளரும் பன்றியின் இறைச்சி மீண்டும் நகரத்துக்கே வருகிறது. அதனுடன் மருந்துக்கு அடங்காத கிருமியும் வருமாயின் தீங்கு பண்ணையோடு நின்றுவிடாது.

குட்டிகள் பால் மறக்கும் காலத்திலேயே பெரும்பாலும் கழிச்சல் காண்கிறது. தாய்ப்பால் நிற்பதும், தீனி மாறுவதும், வேறு ஈற்றுக் குட்டிகளுடன் கலப்பதும் ஒரே வேளையில் நேர்வதே இதற்குக் காரணம். இதற்கு அஞ்சி, நோயற்ற குட்டிகளுக்கும் நுண்ணுயிர்கொல்லி மருந்தைத் தீனியிற் கலந்து கொடுப்போர் உளர். சிறிய அளவு மருந்தால் வலிமை குன்றிய கிருமிகள் மடியும்; எதிர்த்து நிற்பவை பெருகும். மனிதருக்குக் கடைசித் துணையாகக் கொள்ளப்படும் கொலிஸ்டின் மருந்தை எதிர்க்கும் பண்பு, ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்பது 2015ஆம் ஆண்டிற் சீனத்துப் பன்றிகளிடத்துக் கண்டறியப்பட்டது.

மருந்தைக் குறைத்தால் தொழில் நலியுமோ என ஐயுறுவோர்க்கு டென்மார்க்கு நாடு விடை தந்துள்ளது. வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை அந்நாடு 1999ஆம் ஆண்டளவில் முற்றாக நிறுத்தியது. பால் மறந்த குட்டிகளிடையே கழிச்சல் சில காலம் மிகுந்தது உண்மையே. ஆயினும் 1992 முதல் 2008 வரை, ஒரு கிலோ இறைச்சிக்குச் செலவான மருந்து பாதிக்குங் கீழே இறங்கியது. பன்றி உற்பத்தியோ பெருகியது.

இதற்கான வழிகள் எளியவை. குட்டி பிறந்தவுடன் சீம்பால் குடிக்கச் செய்தல் வேண்டும். நான்கு வாரம் நிறையுமுன் பால் மறக்கச் செய்தலாகாது. புதுத் தீனியை முன்னரே சிறிது சிறிதாகப் பழக்குதல் நன்று. ஈரமற்ற, காற்றோட்டமுள்ள கொட்டில் வேண்டும். ஒரு தொகுதி வெளியேறியபின் கொட்டிலைக் கழுவி, உலரவிட்டு, அதன் பின்னரே அடுத்த தொகுதியை விடுதல் வேண்டும்.

2024ஆம் ஆண்டு இலங்கையிற் பரவிய ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரசினால் வருவது. எந்த நுண்ணுயிர்கொல்லியும் அதனைத் தீர்க்காது, தடுத்தலே வழி. பன்றியிறைச்சி கலந்த மிச்சத்தை அறவே விலக்குதல் வேண்டும். ஏனைய மிச்சத்தை 90 பாகை வெப்பத்திற் கிளறியபடி ஒரு மணி நேரம் காய்ச்சி, ஆறிய பின்னரே இடுதல் வேண்டும்.

நோயுற்ற விலங்குக்கு மருந்து மறுக்கப்படலாகாது. மிருக வைத்தியர் குறித்த அளவை, குறித்த நாள்வரை கொடுத்து, அவர் சொன்ன இடைக்காலம் கழிந்த பின்னரே இறைச்சிக்கு அனுப்புதல் முறை. இன்று கொட்டிலில் வீணாகும் மருந்து, நாளை கொட்டாஞ்சேனையில் ஒரு குழந்தை காய்ச்சலுற்றுக் கிடக்கும்போது பயனற்றுப் போகலாம்.