சென்னைத் துறைமுகமும் வடகரை ஜனங்களும்

சென்னைப் பட்டணம் இயற்கைத் துறைமுகம் வாய்ந்த ஊரன்று. 1639-ல் கும்பினியார் இங்கே இடம் பெற்றது துணி மலிவாய்க் கிடைக்குமென்ற ஆசையினாலேயன்றிக் கப்பல் நிற்க வசதியுண்டென்பதனாலன்று. கப்பல்கள் தூரத்தே நங்கூரமிட, கவர்னர் முதல் கடைச் சிப்பாய் வரை யாவரும் நம் படகோட்டிகளின் மசூலாப் படகுகளிலேயே அலைதாண்டிக் கரை சேர்ந்தனர். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. ஆணியடித்த ஐரோப்பியப் படகு இவ்வலைகளைத் தாங்காது! சுமார் இரண்டரை நூற்றாண்டுக் காலம் இப்பட்டணத்து வியாபாரம் அத்தையலை நம்பியே நடந்தது. கவர்னர்களின் பெயர்களை வரிசையாய் ஒப்பிக்கும் சரித்திரம் படகோட்டிகளில் ஒருவர் பெயரையேனும் சொல்வதுண்டா?

1876-ல் கடலுள் கற்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். 1904-ல் தலைமையேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையின் காலத்தில் கிழக்கு வாயில் அடைபட்டு வடகிழக்கில் புது வாயில் திறந்தது.

இக்கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதை மறித்தது. தெற்கே மெரீனா அகன்றது. நாம் அங்கே காற்று வாங்குகிறோம். வடக்கே ராயபுரத்துக் கரை கரைந்தது, செம்படவர் வீடிழந்தனர். கல் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே சென்றது. 2001-ல் எண்ணூரிலும், பின்னர்க் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்தன. காட்டுப்பள்ளியை மேலும் விரிக்கும் யோசனையைப் பழவேற்காட்டு மீனவர் எதிர்த்ததில் வியப்பென்ன?

துறைமுகம் வேண்டாமென்பாரல்லோம். சுவரால் எவ்வளவு நிலம் போயிற்று, எத்தனை குடிகள் பெயர்ந்தனர், அவர்களுக்குக் கொடுத்தது யாது என்ற கணக்கை, புதுக் கல் ஒன்று கடலில் விழுமுன் அதிகாரிகள் பகிரங்கமாய் வெளியிட வேண்டும்.