கார்டு வருமென்று காத்திருக்கலாமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். தறி ஓசை கேட்கும் தெரு. அங்கே ஒரு நெசவாளர் வீட்டை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள்.

அப்பா தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து பட்டுச்சேலை நெய்கிறார். அம்மா ராட்டையில் நூல் சுற்றுகிறாள். மகன் பி.ஏ. படித்தவன். வயது முப்பது. வேலை இல்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவன் பெயரைப் பதிந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பதிவு அட்டையைத் தாய் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

"ஏம்பா, கார்டு ஏதாவது வந்துச்சா?" என்று அவள் கேட்காத மாதம் இல்லை.

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவன் தலை குனிந்து கொள்கிறான்.

இப்படிப்பட்ட வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்த அட்டையை நம்பிக் காத்திருப்பது சரிதானா? அதனால் என்ன பயன்? பார்ப்போம்.

சிப்பாய்களுக்காகப் பிறந்தது

இரண்டாவது உலகப்போர் முடியும் தறுவாயில், ஏராளமான சிப்பாய்கள் வேலை முடிந்து ஊர் திரும்ப இருந்தார்கள். அவர்களுக்குப் பிழைப்பு தேடித்தர 1945-ம் ஆண்டு ஜூலையில் ஒரு தனி இலாகா ஏற்பட்டது. முக்கிய ஊர்களில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன.

1947-ல் நாடு பிரிந்தது. அகதிகளாக வந்தவர்களுக்கும் அந்த அலுவலகங்கள் உதவின. 1948-ம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி முதல் நிர்வாகம் மாநில சர்க்கார்களிடம் வந்தது.

1959-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அது 1960 மே 1-ந் தேதி அமலுக்கு வந்தது. சர்க்கார் நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "தெரிவிக்க வேண்டும்" என்றுதான் சட்டம் சொன்னது. "பதிவு செய்தவரையே வேலைக்கு எடுக்க வேண்டும்" என்று சொல்லவில்லை!

ஆனாலும், பதிவு மூப்புப்படி பெயர்களை வாங்கி ஆள் எடுப்பது சர்க்கார் ஆபீசுகளில் வழக்கமாக இருந்தது. நேர்முகத் தேர்வுக்கு அழைத்து வீட்டுக்குக் கார்டு வரும். தபால்காரரைக் கண்டால் தெருவே எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்தை நினைத்துத்தான் இன்றும் அம்மா காத்திருக்கிறாள்.

வழி மாறியது

1996-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களை மட்டும் பார்த்தால் போதாது. பத்திரிகையிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கும் எல்லோரையும் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இன்று கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் போன்ற வேலைகளுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் பரீட்சை நடத்துகிறது. அதுதான் "குரூப் 4". மூப்பு பார்த்து நிற்பவன் அங்கேயே நிற்கிறான். பரீட்சை எழுதியவன் முன்னே போகிறான்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல. அத்திவரதரைத் தரிசிக்க 40 ஆண்டு காத்திருப்பவர்கள் நாம். 1979-ல் குளத்திலிருந்து எழுந்தருளியவர், மறுபடி 2019-ல்தான் காட்சி தந்தார். ஆனால் அவர் வரும் ஆண்டு நமக்குத் தெரியும். கார்டு வரும் ஆண்டு யாருக்குத் தெரியும்?

தாயின் பயம்

"கம்பெனி வேலைக்குப் போகக்கூடாதா?" என்று கேட்டால் தாய் தயங்குகிறாள். அதற்குக் காரணம் உண்டு.

ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை தந்த நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தியை நிறுத்தியது. கம்பெனி பஸ்சில் போய்வந்த பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் சர்க்கார் வேலையை விரும்புவதில் என்ன தவறு?

விரும்புவதில் தவறில்லை. வெறுமனே காத்திருப்பதுதான் தவறு. அறிஞர் அண்ணாவும் இளமையில் இந்த ஊர் நகராட்சியில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர்தான். பிறகு சென்னை சென்று பச்சையப்பன் கல்லூரியில் படித்தார். 1967-ல் முதல்-அமைச்சர் ஆனார்.

அட்டையால் என்ன பயன்?

அப்படியானால் அட்டையைத் தூக்கி எறிந்து விடலாமா? கூடாது! அதனால் கிடைப்பவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலாவது, புதுப்பித்தல். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பிக்க வேண்டும். தவறினால் மூப்பு போய்விடும்.

இரண்டாவது, உதவித்தொகை. பதிந்து ஐந்து ஆண்டு ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசு மாதந்தோறும் பணம் தருகிறது. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு ரூ.200, தேறியவருக்கு ரூ.300, பிளஸ் 2 தேறியவருக்கு ரூ.400, பட்டதாரிக்கு ரூ.600. மூன்று ஆண்டு வரை கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.72 ஆயிரத்தைத் தாண்டக்கூடாது. வயது 40-க்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. மாற்றுத்திறனாளிகள் ஓராண்டு காத்திருந்தால் போதும், தொகையும் கூடுதல்.

நம் பட்டதாரிப் பிள்ளைக்கு மூன்று ஆண்டில் ரூ.21,600 கிடைக்கும். அதைக் கொண்டு குடித்தனம் நடத்த முடியாதுதான். ஆனால் பரீட்சைக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை! இதை வாங்குவதால் பதிவும் ரத்தாகாது.

மூன்றாவது, இலவசப் பயிற்சி. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் "தன்னார்வப் பயிலும் வட்டம்" என்று ஒன்று உண்டு. போட்டித் தேர்வுகளுக்கு அங்கே பாடம் சொல்லித் தருகிறார்கள். குரூப் 4 எழுதப் பத்தாம் வகுப்புப் படிப்பே போதும். 200 கேள்விகள், அவற்றில் 100 தமிழ். தமிழில் நூற்றுக்கு நாற்பது வீதம் எடுத்தால்தான் மீதி விடைகளையும் பார்ப்பார்கள். நேர்முகத் தேர்வு கிடையாது. சிபாரிசு தேடி அலைய வேண்டாம்.

நான்காவது, முகாம். தனியார் கம்பெனிகளை அழைத்து அந்த அலுவலகமே அவ்வப்போது வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறது. தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

வேலை இல்லாத பிள்ளையை "தண்டச்சோறு" என்று ஏசாதீர்கள். எட்டு ஆண்டு வேலை இல்லாதவன் முதலில் இழப்பது பணத்தை அல்ல, தன்னம்பிக்கையை. அது போய்விட்டால் எந்த முகாமும் அவனைக் கரையேற்ற முடியாது.

பிள்ளைகளே! உங்கள் அப்பாவின் தறியை ஒரு நிமிடம் பாருங்கள். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. ஒரே நாடாவை நம்பி யாரும் கோர்வை நெய்வதில்லை.

பதிவு அட்டை ஒரு நாடா. பரீட்சை இன்னொரு நாடா. கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டே படிப்பது மூன்றாவது நாடா. மூன்றும் ஓடட்டும்!

அம்மா அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னாலேயே வைக்கட்டும். ஆனால் நாளைக் காலையில் மகன் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், "எனக்கு என்னென்ன கிடைக்கும்?" என்று கேட்கட்டும்.