இலை ஏன் மஞ்சளாகிறது?

கூடத்து அலமாரியின் மேல் ஒரு தொட்டி. அதில் ஒரு மணி பிளாண்ட். ஒரு நாள் அதன் இலையொன்று மஞ்சளாகத் தெரிகிறது. உடனே ஆளுக்கொரு வைத்தியம் தொடங்கிவிடும். "தண்ணீர் போதவில்லை" என்று ஒருவர் ஒரு சொம்பு நீரை ஊற்றுவார். "உரம் இல்லை" என்று இன்னொருவர் யூரியாவைத் தூவுவார். "வெயில் படவில்லை" என்று மற்றொருவர் தொட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிச் செல்வார். மூன்று வைத்தியமும் சேர்ந்து செடியின் கதையை முடித்துவிடும்.

மஞ்சள் நிறம் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. காய்ச்சலைப் போன்றது. ஒரே காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதுபோல், மஞ்சளுக்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் உதவும். எந்த இலையில் தொடங்கியது? இலையின் எந்தப் பகுதியில் தொடங்கியது?

அடி இலையா, நுனி இலையா?

செடி தனக்கு வேண்டிய சத்துகளை வேரின் வழியே பெறுகிறது. சத்து குறைந்தால் என்ன செய்யும்? தழைச்சத்து எனப்படும் நைட்ரஜனைச் செடியால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய தளிருக்கு அனுப்ப முடியும். வீட்டில் அரிசி குறைந்தால் பெரியவர்கள் தம் பங்கைக் குழந்தைக்குத் தருவதில்லையா? அதுபோலத்தான். எனவே தழைச்சத்துக் குறைந்த செடியில் அடி இலைகள் முழுதும் வெளிறி மஞ்சளாகும். தளிர் பசுமையாகவே இருக்கும்.

மக்னீசியமும் இவ்வாறே இடம்பெயரக்கூடியது. பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. அது குறைந்தாலும் அடி இலைகளே முதலில் பாதிக்கப்படும். ஆனால் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும்.

இரும்பின் கதை வேறு. பழைய இலைக்குச் சென்ற இரும்பு எளிதில் திரும்பி வருவதில்லை. ஆகவே இரும்பு கிடைக்காத செடியில் அடி இலைகள் பசுமையாக இருக்கும். தளிரோ பச்சை நரம்புகள் வலைபோல் தெரிய வெளிறிப் போகும்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். இலைக்கும் முதுமை உண்டு. அடியில் ஒன்றிரண்டு இலைகள் எப்போதாவது பழுத்து உதிர்வது இயல்பே. அதற்கு மருந்து தேட வேண்டியதில்லை.

துருப்பிடித்த ஆணி உதவுமா?

இரும்புக் குறை என்றதும் தொட்டியில் பழைய ஆணியைப் புதைப்பவர்கள் உண்டு. பயன் இல்லை. மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். குறை இரும்பில் இல்லை, அது கரைவதில் இருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த கடின நீரை ஊற்றிக்கொண்டே வந்தால் மண் காரத்தன்மை அடைகிறது. அந்த மண்ணில் இரும்பு கரையாது. கரையாததை வேர் உறிஞ்சாது.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த யூசேப் கிரி என்பவர் 1840களில் மஞ்சளித்த செடிகளுக்கு இரும்பு உப்புக் கரைசலைத் தந்து, அவை பசுமை பெறுவதைக் காட்டினார். அதைப் போன்ற ஒரு சோதனையை நீங்களும் செய்யலாம். ஆசிரியரின் துணையோடு 1 கிராம் அன்னபேதியை, அதாவது ஃபெரஸ் சல்பேட்டை, 200 மில்லிலிட்டர் நீரில் கரையுங்கள். ஒரு வெளிறிய தளிரின் இடப் பாதியில் மட்டும் தூரிகையால் தடவுங்கள். வலப் பாதியை விட்டுவிடுங்கள். பத்து நாள்களில் இடப் பாதி மட்டும் பசுமையானால், குறை இரும்புதான் என்பது உறுதி. மாறவில்லையானால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

நீரே மூச்சை அடைக்கும்

வீட்டுக்குள் வளரும் செடிகளைப் பெரிதும் கொல்வது வறட்சியன்று, மிகுதியான நீர். இது எப்படி?

வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனைப் பெறுகிறது. அந்த இடைவெளிகள் நீரால் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் நீரின் ஊடே பரவித்தான் வேரை அடைய வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடுகிறது! வாட்டத்தைக் கண்டு நாம் மேலும் ஒரு சொம்பு ஊற்றுகிறோம்.

இதற்குக் கருவி உங்கள் சுட்டுவிரலே. மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்று நீர் வேண்டாம். தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நுனி கருகினால்

இலை பச்சையாக இருந்து, நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகிக் கருகினால் உப்பை ஐயுறலாம். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருப்பதாகக் கொள்வோம். வாரம் ஒரு லிட்டர் ஊற்றினால் ஆண்டுக்கு 52 லிட்டர். நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. அடித்துளை வழியே நீர் வெளியேறாத தொட்டியில் 52 கிராம் உப்பு, அதாவது ஒரு கைப்பிடி, சேர்ந்துவிடும். தொட்டியின் விளிம்பில் படியும் வெள்ளைப் பொருக்கு இதற்குச் சாட்சி. இலைக்குள் வரும் நீரோட்டம் முடியும் இடம் நுனியும் ஓரமும் ஆதலால், உப்பு அங்கேதான் குவிகிறது.

ஆர்.ஓ. இயந்திரம் கழித்து விடும் நீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மழைநீரைப் பிடித்து, அடித்துளை வழியே வழிந்தோடும்வரை ஊற்றினால் சேர்ந்த உப்பு கழுவப்படும்.

கண் அளக்காத ஒளி

கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு, இலைகள் சிறுத்து, செடி சாளரத்தை நோக்கிச் சாய்ந்தால் அது ஒளிப் பசி. "அறை வெளிச்சமாகத்தானே இருக்கிறது?" என்பீர்கள். நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அறையின் உட்சுவரருகே பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு மரத்தடியில் நின்றால் நிழலாகத் தெரியும். அந்த நிழலிலும் நம் அறையைவிடப் பல மடங்கு ஒளி உண்டு. கைப்பேசியில் லக்ஸ் காட்டும் செயலியைக் கொண்டு நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் நிழலில் பழகிய செடியை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலைகள் வெந்து வெளுத்துவிடும். சிறிது சிறிதாகச் சாளரத்தை நோக்கி நகர்த்துவதே முறை.

தொட்டியிலிருந்து வயலுக்கு

இந்தப் பார்வை வீட்டோடு நின்றுவிடுவதில்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களில் மரவள்ளி பயிராகிறது. மரவள்ளி இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, இலை கோணி முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை எப்படி அறிவது? சத்துக் குறையில் மஞ்சள் பெரும்பாலும் நடுநரம்பின் இருபுறமும் ஒரே சீராகப் பரவும். இங்கே சீர் இல்லை. ஒரு புறம் ஒரு விதம், மறு புறம் வேறு விதம். இது தேமல் நோய்; காரணம் ஒரு வைரஸ். வெள்ளை ஈ அதனைச் செடிக்குச் செடி பரப்புகிறது. நோயுள்ள செடியின் குச்சியை வெட்டி நட்டாலும் நோய் கூடவே வரும்.

இங்கே தவறாகக் கணித்தால் இழப்பு ஒரு தொட்டியோடு முடியாது. சத்துக் குறை என்றெண்ணி உரம் போட்டால் பணம் வீண். அதே செடிகளிலிருந்து விதைக் குச்சி எடுத்தால் அடுத்த ஆண்டு வயல் முழுதும் தேமல். நோயற்ற செடியைத் தேர்ந்து குச்சி வெட்டுவதே முதல் காப்பு. அந்தத் தேர்வுக்கு வேண்டியது இலையைப் படிக்கத் தெரிந்த ஒரு சோடிக் கண்கள்.

மாணவர்களே, இந்த வாரம் ஒரு செடியைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாள்தோறும் எந்த இலை, எந்தப் பகுதி, என்ன நிறம், மண் ஈரமா உலர்வா என ஏட்டில் குறித்து வாருங்கள். காரணம் ஒன்று தோன்றினால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நீர், உரம், ஒளி மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், செடி பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்பது தெரியாமல் போய்விடும்.