மைதானத்தில் யாருக்கு இடம்?

உதகமண்டலத்துக் கிளப்பிலே புகழ்பெற்ற ஒரு பில்லியர்ட்ஸ் அறை உண்டு. ஸ்னூக்கர் என்று உலகமெங்கும் வழங்கும் ஆட்டம், 1875-ல் ஜபல்பூரில் வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகளிடையே தோன்றி, 1880-களில் இவ்வறையில்தான் விதிகள் பெற்றது. ஆட்டத்திற்கு விதி எழுதியவர்களே, அறைக்குள் யார் வரலாம் என்பதற்கும் விதி செய்தார்கள். நம்மவர் அங்கே ஏவலாளராய் நுழையலாமேயன்றி, ஆட்டக்காரராய் நுழைவதற்கில்லை. அந்த அவமானத்தை நாம் மறக்கவில்லை. ஆயினும், அதே தவற்றை நம் மக்களில் ஒரு சாராருக்கு நாமே இழைத்து வருகிறோம். திருநங்கை, திருநம்பி என்று இன்று மதிப்புடன் அழைக்கப்படும் இளைஞர்களைக் குறித்தே இவ்வாறு சொல்கிறோம்.

நீலகிரியிலே சமதரை அரிது. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளின் அருகே, கிடைத்த துண்டு நிலத்தில் இரண்டு கற்களை இலக்காக வைத்துச் சிறுவர்கள் பந்தாடுவார்கள். அங்கே கால் உள்ளவர் எவரும் ஆடலாம். பள்ளிக்கூடத்து மைதானமோ ஆண் வரிசை, பெண் வரிசை என்ற இரண்டைத்தான் அறியும். இரண்டிலும் பொருந்தாத பிள்ளை, கோட்டிற்கு வெளியே நின்று மற்றவர் சட்டைகளைக் காவல் காக்க வேண்டியதுதானா?

மணிப்பூரிலும் இக்கேள்வி எழுந்தது. ஹோலியை ஒட்டி வரும் யாவோஷாங் பண்டிகையில் ஊருக்கு ஊர் விளையாட்டுப் பந்தயம் நடத்துவது அங்குள்ள வழக்கம். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் பந்தயம் உண்டு, ஏனையோர்க்கு இடமில்லை. இம்பாலிலுள்ள ‘யா ஆல்’ என்ற ஸ்தாபனத்தார் திருநம்பிகளைத் திரட்டிக் கால்பந்து அணி அமைத்தார்கள். 2020 மார்ச்சில் அவர்கள் ஜனங்கள் முன்னிலையில் ஆடினார்கள். அதற்கு முன்பே, 2017 ஏப்ரலில், திருவனந்தபுரத்தில் இத்தகையோர்க்கென்றே ஓட்டப் பந்தயங்கள் நடைபெற்றன. பந்தைப் பார்க்கும் கூட்டம் ஆடுகிறவரின் பிறப்பை விசாரிப்பதில்லை. தன் உடலையே பகையாக எண்ணி வளர்ந்த ஒருவர், அதே உடல் ஓடுவதையும் தாவுவதையும் தோழனுக்குப் பந்தை விட்டுக்கொடுப்பதையும் அறியும்போது அடையும் ஆனந்தத்தைப் பதக்கத்தால் அளக்க இயலாது.

இதற்கு ஆட்சேபமும் உண்டு. ஆணாகப் பருவமெய்திய திருநங்கையரைச் சர்வதேசப் பெண்கள் பந்தயங்களினின்றும் உலகத் தடகளச் சங்கம் 2023 மார்ச்சில் விலக்கியதைச் சுட்டிக் காட்டுவார்கள். உடல் வலிமையில் ஏற்றத்தாழ்வு உண்டென்பதும், பெண்களுக்கு நியாயமான போட்டி வேண்டுமென்பதும் புறக்கணிக்கத்தக்க வாதங்களல்ல. ஆனால் அது உலகப் பதக்கத்தைப் பற்றிய வழக்கு. குன்னூர்ப் பள்ளியிலே மாலை நேரத்தில் பந்தாட விரும்பும் பிள்ளை உலகப் பதக்கத்தைக் கேட்கவில்லை. தோழர்களோடு ஓட ஓரிடம் கேட்கிறது. மேல்கோர்ட்டு விவகாரத்தைக் காட்டிக் கிராமத்துச் சிறுவனின் பாட்டையை அடைப்பது நீதியாகாது.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாயில்லை. திருநங்கையர் முதலியோரின் உரிமைகளைப் பாதுகாக்க 2019-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தின் 13-வது பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் அவர்களுக்கு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பேதமின்றிச் சம வாய்ப்பளிக்க வேண்டுமென விதித்தது. அவர்கள் நலனுக்கென்று 2008-லேயே வாரியம் அமைத்தது நமது தமிழ்நாடு. முன்னே நடந்தவர்கள் மைதானத்து வாயிலில் நின்றுவிடலாமா?

ஆகவே, உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வாழ் அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் இதுவே. உங்கள் ஊர்த் தலைமையாசிரியரையும் தேகப்பயிற்சி ஆசிரியரையும் கண்டு 13-வது பிரிவை நினைவூட்டுங்கள். தோட்டங்களில் நடக்கும் பந்தயங்களில் ஆண், பெண் அணிகளோடு, விரும்பிய எவரும் சேர்ந்தாடும் ஓர் ஆட்டத்தையும் வையுங்கள். பரிகசிப்பவர்களை அடக்குங்கள். பெரும் பணம் இதற்கு வேண்டியதில்லை. கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடும் மனம் வேண்டும். கிளப்பின் கதவு நமக்கு அடைக்கப்பட்டிருந்ததைக் கண்டு கொதித்தவர்கள் நாம். நம் கையிலுள்ள கதவைத் திறக்க இன்னும் தாமதிப்பது தகாது.