நீரிறைப்பு இயந்திரத்தின் காபரேற்றர்: துப்புரவும் சீராக்கலும்

கோடைக் காலத்தில் வெங்காயப் பாத்திக்கு மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை இறைப்பு வேண்டும். ஒரு முறை தவறினால் பயிர் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். குமிழ் திரளும் பருவத்தில் இரு முறை தவறினால் விளைச்சலில் அது தெரியாமற் போகாது. இயந்திரமோ இத்தகைய நாட்களிலேயே எழும்ப மறுக்கின்றது. விடியற்காலையில் இருபது முறை கயிற்றை இழுத்துச் சலித்த கமக்காரர் திருப்புளியை எடுத்து, காபரேற்றரிற் கண்ணுக்கு முதலில் தென்படும் திருகாணியைத் திருகத் தொடங்குகின்றார். பின்னர் அடுத்த ஆணியையும் திருகுகின்றார். அரை மணி நேரத் துப்புரவினால் தீர்ந்திருக்கக்கூடிய சிறு குறைபாடு இவ்வாறு இரண்டு நாள் பட்டறை வேலையாக மாறிவிடுகின்றது.

காபரேற்றரிலுள்ள திருகாணிகள் தாமாக இடம் மாறுவது அரிது. அவை வில்லுச் சுருளினால் இறுக்கிப் பிடிக்கப்பட்டுள்ளன. நேற்று நன்றாக ஓடிய இயந்திரம் இன்று ஓடவில்லையெனில், உள்ளே ஏதோ புகுந்துவிட்டது என்று கொள்ளுவதே முறை: தூசி, நீர், அல்லது நாட்பட்டுப் பிசினாகிய எரிபொருள். ஆதலின் துப்புரவு செய்வது முதல் வேலை. சீராக்குவது பிந்திய வேலை.

காபரேற்றர் செய்யும் தொழில்

பெற்றோல் திரவமாக இருக்கும்போது இயந்திரத்துக்குப் பயன்படாது. அது காற்றுடன் கலந்து ஆவியாதல் வேண்டும். நிறையின்படி பார்த்தால், ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறையப் பதினைந்து பங்கு காற்றுத் தேவை. இந்த அளவைக் காப்பதே காபரேற்றரின் கடமை. அதன் நடுவே காற்றுச் செல்லும் குழாய் ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும். வாய்க்காலின் ஒடுங்கிய இடத்தில் நீர் விரைந்து ஓடுவதைப் போல, அவ்விடத்திற் காற்றும் விரைகின்றது. விரையும் காற்றின் அழுத்தம் குறைகின்றது. அக்குறைவினால், கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெற்றோல் ஜெற் எனப்படும் நுண்துளையுள்ள பித்தளை ஆணியினூடாக மேலேறித் தூவலாகக் கலக்கின்றது. கிண்ணத்தில் எரிபொருள் என்றும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி ஒரு மிதப்பும், அதனால் இயங்கும் ஊசி வால்வும் காவல் செய்கின்றன. குறைந்த வேகத்தில் ஓடுவதற்கு வேறொரு சிறு ஜெற் உண்டு. குளிர்ந்த நிலையில் எழுப்புவதற்காகக் காற்றை மறைக்கும் தட்டே சோக் ஆகும். கிண்ணம் ஒரு சிரட்டையளவும் இல்லை. ஜெற்றின் துளை தையல் ஊசியின் முனையளவே. அத்துளையில் ஒரு மணற்றுகள் அகப்பட்டால் போதும், முழுத் தோட்டத்தின் இறைப்பும் நின்றுவிடும்.

குறை எங்கே என்று அறிதல்

காபரேற்றரைக் கழற்றுவதற்கு முன்னர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது பெற்றோலில் நனைந்திருந்தால், எரிபொருள் வந்து சேருகின்றது. குறை தீப்பொறியிலோ, மிதமிஞ்சிய சோக்கிலோ இருக்கலாம். உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. அப்பொழுது தாங்கியின் திறப்பு, அதன் கீழுள்ள படிவுக் கிண்ணம், குழாய் என்பவற்றை வரிசையாகப் பார்த்து, கடைசியாகக் காபரேற்றர்க் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிப்பாணியைத் தளர்த்துதல் வேண்டும். வடிவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஏந்திச் சிறிது நேரம் அசையாது வையுங்கள். நீர் இருந்தால் அது அடியிற் தனியாகத் தங்கும். பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிரினால் ஈரம் படிவதும், மூடியின் வழியாக மழைநீர் இறங்குவதும் இதற்குக் காரணங்களாகும். பல வேளைகளில் இந்த வடிப்பாணியோடு வேலை முடிந்துவிடும்.

ஓடும் இயந்திரமும் தன் குறையைச் சொல்லும். சத்தம் அலைபோல் ஏறி இறங்குமானால், சோக்கைச் சிறிது மூடிப் பாருங்கள். உடனே சீராக ஓடினால் கலவையில் எரிபொருள் குறைவு என்பது உறுதி. ஜெற் பாதி அடைபட்டிருக்கும், அல்லது பக்கிங்கின் வழியாக வெளிக்காற்று உள்ளே புகும். இரண்டாவதை அறிய, ஓடும்போது மூட்டுகளைச் சுற்றிச் சில துளி ஓயில் விடுக. சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. மாறாக, கரும்புகை எழுந்து பிளக்கிற் கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. சோக் முற்றாகத் திறவாமை, மிதப்பின் கோளாறு, அழுக்கேறிய காற்று வடிகட்டி ஆகிய மூன்றையும் பார்க்க. வடிகட்டியே பெரும்பாலும் குற்றவாளி. செம்மண் தோட்டங்களிற் கோடைக் காற்று வீசும்போது சில நாட்களிலேயே அது அடைபட்டுவிடும். கடற்பஞ்சு வகையாயின் சவர்க்கார நீரிற் கழுவி, உலர்த்தி, சில துளி ஓயில் ஊட்டிப் பிழிந்து மாட்டலாம். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டால் இயந்திரம் நன்றாக இழுக்கும் என்று சிலர் கூறுவர். செம்மண் தூசி பிஸ்ரனை அராவித் தின்னும்வரை அது உண்மையே.

கழற்றலும் கழுவுதலும்

இவ்வேலையைக் கிணற்றடியில் செய்யலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறை வெடிப்பும் துளையும் உடையது. நிலத்திற் சிந்தும் எண்ணெய் விரைவில் நீருக்கு இறங்கிவிடும். அதே கிணற்று நீரைத்தான் குடிக்கின்றோம். கழுவிய பெற்றோலை ஒரு தகரத்தில் ஏந்துக. வீட்டினுள்ளும் அடுப்பங்கரைக்கு அருகிலும் செய்யலாகாது. சுருட்டையும் வேலை முடியும்வரை தள்ளிவைப்பது நன்று.

வெள்ளைச் சீலையொன்றை விரித்து, கழற்றும் உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலே அதன்மீது வைத்தால் திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் இராது. எரிபொருளைப் பூட்டி, கிண்ணத்தை இறக்கினால் மிதப்புத் தெரியும். அதனைத் தாங்கும் சிறு கம்பியை உருவியதும் ஊசி வால்வு கூடவே வரும். ஊசியின் நுனியைக் கவனமாக நோக்குக. அதில் வளையம் போன்ற தேய்வு காணப்பட்டால் அது வாயை முற்றாக மூடாது. கிண்ணம் நிரம்பி வழியும். வழிவது வெளியே சிந்தினால் நட்டம் எரிபொருளோடு நிற்கும். உள்ளே இறங்கினால் அடி ஓயிலுடன் கலந்து அதனை நீராக்கிவிடும். ஓயில் அளக்கும் கோலில் மட்டம் உயர்ந்தும் பெற்றோல் மணத்தும் காணப்பட்டால், ஓயிலை மாற்றாமல் ஒரு முறையேனும் ஓட்டலாகாது. மிதப்பைக் காதோரம் வைத்துக் குலுக்குக. உள்ளே திரவம் அலைந்தால் அது துளைபட்டுள்ளது, மாற்றுவதே வழி.

நடுவிலுள்ள பெரிய ஜெற்றை அதன் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியினாற் கழற்றுதல் வேண்டும். ஒடுங்கிய திருப்புளி பித்தளையின் தலையைச் சிதைத்துவிடும். ஜெற்றுக்கு மேலே பக்கத்துளைகள் கொண்ட ஒரு குழல் இருக்கும், அதனையும் இறக்குக. சிறு ஜெற்றே முதலில் அடைபடுவது என்பதை மறவாதீர்கள். இவற்றைப் பெற்றோலில் ஊறவிட்டு, சைக்கிள் பம்பினால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கையிற் துளை வட்டமாகத் தெரிதல் வேண்டும். பிடிவாதமான பிசினை மீன்பிடி நைலோன் நூலினாற் குத்தி அகற்றலாம். இரும்புக் கம்பியையும் ஊசியையும் உபயோகிக்கவே கூடாது. துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் கலவையின் அளவு நிரந்தரமாகக் கெட்டுவிடும். பிறகு எந்த ஆணியைத் திருகினாலும் பயனில்லை. இறப்பர் உறுப்புகளைக் கழுவும் பெற்றோலில் ஊறவிடாது துடைத்து எடுத்து வைக்க.

பூட்டும்போது காபரேற்றரைத் தலைகீழாகப் பிடித்தால், பெரும்பாலான சிறு இயந்திரங்களில் மிதப்பு உடலின் விளிம்புக்கு ஏறக்குறைய இணையாக நிற்கும். கைநூலில் அளவு கொடுக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுக.

மண்ணெண்ணெயும் அதன் குணமும்

பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் இயந்திரங்கள் நம் தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ளன. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அருகியபோது, மோட்டார் வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களுங்கூட அவ்வாறே ஓடின. காபரேற்றரின் வாயிற் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அக்காலத்தில் அது வேறு வழியில்லாத செயல். 2022ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதன் பின்னர், மலிவு என்ற காரணத்தையும் அவ்வப்போது புதிதாகக் கணக்கிட்டே பார்க்கவேண்டியுள்ளது.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாவதில்லை. ஆகையால் பெற்றோலில் எழுப்பி, சில நிமிடம் சுமையோடு ஓடிச் சூடேறிய பின்னரே திறப்பை மாற்றுதல் வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னதாகப் பெற்றோலுக்குத் திருப்பினால், அடுத்த நாள் எழுப்புவதற்கான பெற்றோல் கிண்ணத்தில் இருக்கும். இதனை மறந்தவரே மறுநாட் காலையிற் கயிற்றோடு போராடுபவர். கிண்ணத்தை வடித்துவிட்டுப் பெற்றோல் விட்டாற் போதுமானது. திருகாணி எதையும் தொடவேண்டியதில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கடந்து அடி ஓயிலில் இறங்குமாதலால், இவ்வியந்திரங்களுக்கு ஓயிலை முந்தியே மாற்றுதல் அவசியம். பெற்றோலுக்கென்றே செய்த இயந்திரத்தில் அமுக்கம் கூடுதலாகையால், மண்ணெண்ணெயில் அது தட்டுச் சத்தம் எழுப்பித் தன்னையே அழித்துக்கொள்ளும்.

சீராக்கல்

யாவும் துப்புரவாகி, பூட்டப்பட்டு, இயந்திரம் பத்து நிமிடம் ஓடிச் சூடேறிய பின்னரே கலவை ஆணிக்குக் கை வைத்தல் தகும். முதலில் அதனை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகின்றது என்று எண்ணிச் சுவரிலாவது எழுதி வையுங்கள். வழி தவறினால் திரும்பி வருவதற்கான இடம் அதுவே. இறுக்கி முறுக்கினால் கூர்நுனி சிதையும். கைநூல் இல்லாதவிடத்து, முட்டிய இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்கலாம். பின்பு குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, கால் சுற்றாக ஒரு பக்கம் திருகி, ஒவ்வொரு முறையும் சிறிது பொறுத்துச் செவிகொடுத்துக் கேளுங்கள். வேகம் கூடிக்கொண்டு போய் ஓரிடத்தில் மீண்டும் குறையத் தொடங்கும். உச்சமாக ஓடிய இடமே சரியான இடம். ஆணி இயந்திரத்தின் பக்கமாக அமைந்திருந்தால் வெளியே எடுக்க எரிபொருள் கூடும். காற்று வடிகட்டியின் பக்கமாக இருந்தால் வெளியே எடுக்கக் காற்றுக் கூடும். இறுதியாக வேக ஆணியினால் ஓட்டத்தைத் தணித்துக்கொள்க. வேகங்காக்கும் வில்லை இழுத்துக் கட்டி இயந்திரத்தை விரட்டுவோர் உளர். அதனாற் கூடும் நீரைவிட விரைந்து தேயும் உறுப்புகளின் விலை பெரிது.

சந்தைக்கு மரக்கறி ஏற்றும் பழைய மொறிஸ் மைனர் வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. அதன் எஸ்.யூ. காபரேற்றரில் ஒரு பிஸ்ரன் மேலுங் கீழும் அசைகின்றது. ஓட்டம் நிறுத்தியிருக்கையில் அதனை விரலால் உயர்த்தி விட்டால் ‘டக்’ என்று கீழே விழவேண்டும், தயங்கினால் கழுவுக. மேற்குழியில் மெல்லிய ஓயில் இருத்தல் அவசியம். சூடாக ஓடும்போது பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக உயர்த்துக. வேகம் கூடி அப்படியே நின்றால் எரிபொருள் மிகுதி. இயந்திரம் அடங்கினால் குறைவு. கணநேரம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கீழேயுள்ள அறுகோண மரையை ஒரு முகம் அளவு கீழிறக்க எரிபொருள் கூடும், மேலேற்றக் குறையும்.

கிணற்றினுள் இறக்கலாகாது

காபரேற்றரைப் பற்றிப் பேசும்போது புகையைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. பம்பி நீரை உறிஞ்சும் ஆழம் நடைமுறையில் ஏழெட்டு மீற்றரே. ஆகவே நீர்மட்டம் தாழும் கோடையில், இயந்திரத்தையே கிணற்றினுள் மேடை கட்டி இறக்குவோர் இருக்கின்றனர். இயந்திரப் புகையிற் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. எரிபொருள் மிகுந்த கலவையில் அது பன்மடங்காகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கிணற்றில் அது வெளியேற வழியின்றித் தங்கும். இயந்திரத்தைப் பார்க்க இறங்குபவர் படியிலேயே நினைவிழப்பார், அவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே. எவ்வளவு நன்றாகச் சீராக்கிய காபரேற்றரும் இந்த வாயுவை முற்றாக நீக்காது. அத்தகைய ஆழத்துக்கு மின்சாரத்தால் இயங்கும் நீர்மூழ்கிப் பம்பியே ஏற்றது.

மாரி தொடங்கி இறைப்பு நின்றதும் இயந்திரத்தை அப்படியே மூலையில் தள்ளிவிடுவது வழக்கம். கிண்ணத்தில் மிஞ்சும் பெற்றோல் சில மாதங்களிற் பச்சைப் பிசினாக உறைவது அப்பொழுதே. தாங்கியின் திறப்பைப் பூட்டி, இயந்திரம் தானாக அடங்கும்வரை ஓடவிட்டு, எஞ்சியதை வடிப்பாணியால் வடித்துவிடுக. தாங்கியையும் வெறுமையாக்கி, கயிற்றை மெதுவாக இழுத்துப் பாரம் தட்டும் இடத்தில் நிறுத்தினால் வால்வுகள் மூடி நிற்கும். புகைக்குழாயின் வாயில் ஒரு சீலைத்துண்டைக் கட்டி வைத்தால், தையில் மீண்டும் எடுக்கும்போது உள்ளே குளவியின் மண்கூடு இராது.