உங்களுக்குத் தெரியுமா? சீன முதியோரின் மனச்சோர்வு

● 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன், சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ‘நரம்புத் தளர்ச்சி’ நோயாளிகள் 100 பேரிடம் உட்கார்ந்து பேசினார். தலைவலி, தூக்கமின்மை, தலைசுற்றல், அசதி என்று பெரும்பாலும் உடம்பைப் பற்றியே சொன்னார்கள். துருவிக் கேட்டதில் 87 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. கலாச்சாரப் புரட்சியில் பட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய காலம் அது. அன்று இளைஞர்களாக இருந்த தலைமுறைதான் இன்று சீனாவின் தாத்தா, பாட்டிகள்.

● பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ‘சார்ல்ஸ்’ ஆய்வு 2011-இல் தொடங்கியது. 45 வயதைத் தொட்ட 17,000-க்கும் மேற்பட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். மனநிலையை அறிய பத்தே கேள்விகள். போன வாரம் தூக்கம் கெட்டதா, எதைச் செய்தாலும் பெரும்பாடாக இருந்ததா, தனிமை வாட்டியதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 30-இல் 10 வந்தாலே கவனிக்க வேண்டியவர். 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் மிகுந்திருந்தன. பெண்களிடம் இன்னும் கூடுதல். அறிகுறி இருப்பதாலேயே நோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய அளவா இது?

● அந்தப் பத்தில் இரண்டு கேள்விகள் வேறு மாதிரி: மகிழ்ச்சியாக இருந்தீர்களா? எதிர்காலத்தில் நம்பிக்கை இருந்ததா? இவற்றுக்கு ‘இல்லை’ என்றால்தான் மதிப்பெண் கூடும். அடக்கத்தைப் பண்பாகக் கொண்டு வளர்ந்தவர்கள், நன்றாக இருந்தாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படலாம். அதனால் மதிப்பெண் ஏறிவிடக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

● சிகாகோவில் 3,000-க்கும் மேற்பட்ட சீன முதியோரை ஆராய்ந்த ‘பைன்’ குழு, அவரவர் வீட்டில் பேசும் வழக்கிலேயே கேள்வி கேட்டது: மாண்டரின், கான்டனீஸ், டாய்ஷானீஸ்.

● தனியே வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்கவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்று சீனாவில் சட்டமே இருக்கிறது. 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது.

● எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது ஸெஜியாங் மாகாணத்துக் கிராமங்களில் நடந்த சோதனை. மனநலத்துக்கென்று மருத்துவரைத் தேடிப் போகாத முதியவர்கூட ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஆகவே இரண்டுக்கும் கிராம மருத்துவரே சேர்த்து வைத்தியம் பார்த்தார். முதியோர் நலப் பணியாளர் ஒருவர் வீட்டுக்குப் போய் விசாரித்து வந்தார். மனநல நிபுணர் அவர்களுக்குப் பின்னால் நின்று ஆலோசனை சொன்னார். 200-க்கும் மேற்பட்ட கிராமங்கள், ஓராண்டு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வும் நன்றாகக் குறைந்தது, ரத்தக்கொதிப்பும் கட்டுக்குள் வந்தது.